தாமதமாக வந்த நியமனம்: பணிமூப்பும் சம்பள வித்தியாசமும் எந்த நாளிலிருந்து?

தென் மாவட்டம் ஒன்றில் இளநிலை உதவியாளராக இருக்கும் வாசகி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அதன் சாரம் இது. குரூப் 4 தேர்வில் அவருக்கு நல்ல தரவரிசை. சான்றிதழ் சரிபார்ப்பின்போது, தமிழ் வழியில் படித்ததற்கான பள்ளிச் சான்று உரிய படிவத்தில் இல்லை என்று சொல்லி அவரை விலக்கிவிட்டார்கள். அவருக்குப் பின்னால் இருந்தவர்கள் 2021 செப்டம்பர் 6 அன்று பணியில் சேர்ந்தார்கள். இவர் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனு (அரசின் முடிவை எதிர்த்து நேராக உயர் நீதிமன்றத்தில் போடும் மனு) போட்டார். விலக்கியது தவறு, பன்னிரண்டு வாரத்துக்குள் பணி கொடுக்க வேண்டும் என்று 2024 ஜனவரியில் உத்தரவு வந்தது. 2024 மே 20 அன்று சேர்ந்தார்.

2025 ஆகஸ்டில் அலுவலகம் உத்தேச முதுநிலைப் பட்டியலை (பணிமூப்பு வரிசையை) சுற்றுக்கு விட்டபோது அவர் பெயர் கடைசியில் இருந்தது. பிரிவுக் கண்காணிப்பாளர் சொன்ன காரணங்கள் இரண்டு: "நீங்கள் சேர்ந்த தேதி அதுதான்", "இனச்சுழற்சியில் (இடஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு இடங்களை மாறி மாறி ஒதுக்கும் வரிசையில்) உங்கள் இடமும் பின்னால்தான்." செப்டம்பர் 2 அன்று ஆட்சேப மனு கொடுத்திருக்கிறார். ஏழு மாதமாகப் பதில் இல்லை. அவருடன் தேர்வானவர்கள் அடுத்த பேனலில் (பதவி உயர்வுப் பட்டியலில்) உதவியாளர் ஆகப் போகிறார்கள்.

அவர் கேட்பவை: சேராமல் இருந்த இரண்டு ஆண்டு எட்டு மாதச் சம்பளம் கிடைக்குமா? (எட்டு லட்சத்துக்கு மேல் கணக்குப் போட்டிருக்கிறார்.) சம வேலைக்குச் சம ஊதியம் என்ற அடிப்படையில் மற்றவர்களுக்கு இணையான சம்பளம் இப்போதே கேட்கலாமா? பணிமூப்பு எந்த நாளிலிருந்து? மனுவுக்குப் பதில் வரும்வரை காத்திருப்பதுதானே முறை?

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் உங்களுக்கு ஆபத்து அங்கேதான் இருக்கிறது. காத்திருப்பது முறையல்ல. பதவி உயர்வு, பணிமூப்பு வழக்குகளில் ஆறு மாதம், மிஞ்சினால் ஓராண்டுக்குள் நீதிமன்றம் வந்துவிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் பி.எஸ். சதாசிவசாமி எதிர் தமிழ்நாடு அரசு வழக்கிலேயே சொல்லிவிட்டது. 1970களில் வந்த அந்தத் தீர்ப்பை இன்றும் அரசு வழக்கறிஞர்கள் முதல் பக்கத்திலேயே வைக்கிறார்கள். மனு கொடுத்துக்கொண்டே இருந்தால் காலம் நிற்கும் என்று பலரும் நம்புகிறார்கள், நிற்காது. தாமதமாகப் போட்ட மனுவுக்கு அதிகாரி பதில் தந்தால்கூட செத்துப்போன கோரிக்கை உயிர் பெறாது என்பது 2008இல் சி. ஜேக்கப் வழக்கில் வந்த தீர்ப்பு. அதுவும் தமிழ்நாட்டு வழக்குதான்.

பணிமூப்பைத் திருத்தக் கோரும் மனுவை நியமன அலுவலரிடம் மூன்று ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும் என்று பழைய பணி விதி 35(எஃப்) சொன்னது. 2016ஆம் ஆண்டின் அரசுப் பணியாளர்கள் (பணி நிபந்தனைகள்) சட்டத்திலும் அந்த மூன்று ஆண்டு தொடர்கிறது. நீங்கள் சேர்ந்து பதினாறாம் மாதத்திலேயே ஆட்சேபம் கொடுத்திருக்கிறீர்கள். அந்த வகையில் பாதுகாப்பாக இருக்கிறீர்கள். ஆனால் மூன்று ஆண்டு என்பது அலுவலகத்தில் மனுக் கொடுப்பதற்கான கெடு. நீதிமன்றம் பார்க்கும் கெடு வேறு. பட்டியல் சுற்றுக்கு வந்து ஓராண்டு ஆகும் 2026 ஆகஸ்டை உங்கள் மனதில் கடைசி எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் பேனல் வெளியாகும் என்றால் அதற்கு முன்பே.

பணிமூப்பு: உங்கள் வலுவான இடம்

கண்காணிப்பாளர் சொன்ன இரண்டு காரணமும் நிற்காது.

இனச்சுழற்சியை முதலில் பார்ப்போம். சுழற்சிப் புள்ளி யாருக்கு இடம் என்பதைத் தீர்மானிக்கும். யார் மூத்தவர் என்பதைத் தீர்மானிக்காது. 2003இல் பிமலேஷ் தன்வர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான். அதைப் பின்பற்றி நம் மாநிலத்தில் வந்த தீர்ப்புகளைக் கடப்பதற்காக 2016 சட்டத்தின் 40ஆம் பிரிவில் பழைய முறையையே எழுதி வைத்தார்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2019 நவம்பரில் அந்தப் பிரிவைச் செல்லாது என்றது. உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்துவிட்டது. அதன் பிறகு, ஒரே தேர்வில் நேரடியாகத் தேர்வானவர்களுக்குள் பணிமூப்பு என்பது அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தகுதித் தரவரிசைப்படிதான். பல அலுவலகங்களில் பழைய பட்டியலையே எடுத்து ஒட்டும் பழக்கம் இன்னும் போகவில்லை. உங்கள் அலுவலகத்திலும் அதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அடுத்து, சேர்ந்த தேதி. ஒருவர் தன் சொந்தக் காரணத்துக்காகக் கால நீட்டிப்பு வாங்கித் தாமதமாகச் சேர்ந்தால் அவர் நிலை வேறு. உங்கள் தாமதம் உங்களால் வந்ததல்ல என்று நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. 1996இல் பில்லா சீதாராம் பட்ருடு வழக்கில், தன் தவறு எதுவும் இல்லாமல் நியமனம் தள்ளிப்போனவருக்குத் தேர்வுப் பட்டியலில் உள்ள இடமே பணிமூப்பிலும் உரியது என்று தீர்ப்பானது. 2020இல் சி. ஜெயச்சந்திரன் எதிர் கேரள அரசு வழக்கில், தகுதிப் பட்டியலில் கீழே இருந்தவர் நியமிக்கப்பட்ட நாளிலிருந்து கருத்தியலாக, அதாவது அன்றே சேர்ந்ததாகக் கணக்கில் மட்டும் கொண்டு, பணிமூப்பு தரச் சொன்னார்கள். உங்கள் வழக்குக்கு மிக அருகில் இருப்பது இந்த இரண்டும்.

எதிர்த்தரப்பு கொண்டுவரப் போவது 2019இல் வந்த மேகசந்திர சிங் தீர்ப்பு. பணித்தொகுதிக்குள் (அந்தப் பணியின் ஊழியர் வரிசைக்குள்) வராத காலத்துக்கு யாரும் பணிமூப்பு கேட்க முடியாது என்ற வரியை மட்டும் எடுத்துக் காட்டுவார்கள். அது மணிப்பூர் காவல் துறையில் நேரடி நியமனம் பெற்றவர்களுக்கும் பதவி உயர்வில் வந்தவர்களுக்கும் இடையே, காலியிடம் விழுந்த ஆண்டைக் கணக்கில் எடுக்கலாமா என்ற சண்டை. சட்டத்துக்குப் புறம்பாக வெளியே நிறுத்தப்பட்டவரின் கதை அதில் இல்லை. இந்த வேறுபாட்டை உங்கள் வழக்கறிஞர் மனுவிலேயே எழுதிவிட வேண்டும். எதிர் மனு வந்த பிறகு பதில் சொல்லலாம் என்று விடக் கூடாது.

ஒரு நுணுக்கம் இருக்கிறது. இளநிலை உதவியாளர் பணிமூப்பு மாநிலம் முழுவதற்கும் ஒன்றாகப் பார்க்கப்படுவதில்லை. நீங்கள் ஒதுக்கப்பட்ட துறையின் அலகுக்குள் (பணிமூப்பை ஒன்றாகக் கணக்கிடும் அலுவலகத் தொகுப்புக்குள்) மட்டும்தான். ஆகவே உங்களைவிடக் குறைந்த தரவரிசை உள்ள ஒருவர் வேறு துறையில் ஏற்கனவே உதவியாளர் ஆகிவிட்டார் என்பது உங்களுக்கு ஆதாரமாகாது. உங்கள் அலகிலேயே, அதே தேர்வில், உங்களுக்கு அடுத்த தரவரிசையில் உள்ளவர் யார் என்று கண்டுபிடியுங்கள். அவர்தான் உங்கள் அளவுகோல். கடிதத்தில் நீங்கள் ஒப்பிட்டிருக்கும் மூன்று பேரில் இருவர் வேறு துறைக்காரர்கள்.

எட்டு லட்ச ரூபாய்

இதை நேராகச் சொல்கிறேன்: அந்தப் பணத்தின் மீது நம்பிக்கை வைக்காதீர்கள். வேலை செய்யாத காலத்துக்குச் சம்பளம் இல்லை என்பதுதான் பொதுவான நிலை. இதை எதிர்த்து எல்லோரும் எடுத்துக் காட்டும் 1991ஆம் ஆண்டு ஜானகிராமன் தீர்ப்பு, ஏற்கனவே பணியில் இருந்துகொண்டு பதவி உயர்வு மறுக்கப்பட்டவர்களைப் பற்றியது. பணியில் சேரவே விடப்படாத ஒருவருக்கு அது அப்படியே பொருந்தாது. நியமனத் தாமத வழக்குகளில் நீதிமன்றங்கள் பெரும்பாலும் செய்வது, பணிமூப்பையும் ஊதிய நிர்ணயத்தையும் கருத்தியலாகக் கொடுத்துவிட்டு, சேராத காலத்துக்கான பணத்தை மறுப்பது. கோரிக்கையில் அதையும் ஒரு வரியாகக் கேட்கலாம், தவறில்லை. ஆனால் வாதத்தின் மையம் அதுவாகிவிட்டால், "அரசுக்கு நிதிச் சுமை" என்ற பேச்சிலேயே மற்ற இரண்டும் அடிபட்டுப் போகும்.

சம ஊதியம் என்ற வாதம் எங்கே பொருந்தும்?

2016 அக்டோபரில் வந்த ஜக்ஜித் சிங் தீர்ப்பைக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அது தற்காலிகப் பணியாளர்கள் நிரந்தரப் பணியாளர்களின் அதே வேலையைச் செய்தபோது குறைந்த சம்பளம் தரப்பட்டதைப் பற்றியது. நம் மாநிலத்தில் 2009 ஜூன் 1க்கு முன் சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் 8,370, அன்றும் அதன் பிறகும் சேர்ந்தவருக்கு 5,200 என்று 3,170 ரூபாய் வித்தியாசம் வைத்தார்களே, அதுபோன்ற இடத்தில் அந்தக் கொள்கை நேராகப் பேசும். அங்கே ஊதியத்தின் தொடக்கமே வேறு.

உங்கள் நிலை அப்படியல்ல. உங்களுக்கும் உங்கள் தேர்வுத் தோழர்களுக்கும் ஒரே நிலை, ஒரே தொடக்க ஊதியம். அவர்கள் கூடுதலாக வாங்குவது பணிபுரிந்த ஆண்டுகளுக்கான ஊதிய உயர்வு. பணிக்காலத்தால் வரும் வித்தியாசத்தைப் பாகுபாடு என்று எந்த நீதிமன்றமும் சொல்லாது. அதனால் சம ஊதியம் என்ற பெயரில் போனால் தோற்பீர்கள். அதே பணத்தைக் கருத்தியலான ஊதிய நிர்ணயம் என்ற வழியில் கேட்டால் வாய்ப்பு நன்றாக இருக்கிறது: "2021 செப்டம்பர் 6 அன்று நான் சேர்ந்ததாகக் கருதி ஊதிய உயர்வுகளைக் கணக்கிடுங்கள், பணப் பலனை நான் உண்மையில் சேர்ந்த நாளிலிருந்து கொடுங்கள்."

எவ்வளவு வரும் என்று பார்ப்போம். இளநிலை உதவியாளருக்கு ஊதிய நிலை 8, தொடக்கம் 19,500. ஆண்டு உயர்வு 3 விழுக்காடு, நூறுக்கு முழுமையாக்கப்படும். நம் மாநிலத்தில் உயர்வு அந்தக் காலாண்டின் முதல் நாளுக்கு முன்தள்ளி வரும் என்பதால், செப்டம்பரில் சேர்ந்த உங்கள் தோழருக்கு ஜூலை 1, மே மாதம் சேர்ந்த உங்களுக்கு ஏப்ரல் 1. அவர் 2022 ஜூலையில் 20,100, 2023 ஜூலையில் 20,700. நீங்கள் 19,500இல் சேர்ந்தபோது அவர் 1,200 ரூபாய் மேலே இருந்தார். 2024 ஜூலையில் அவர் 21,300 ஆனதும் வித்தியாசம் 1,800. 2025 ஏப்ரலில் உங்களுக்கு 20,100 வந்தபோது 1,200, மறுபடி ஜூலையில் 1,800. இப்படியே ஏறி இறங்கி, 2026 மார்ச் வரை அடிப்படை ஊதியத்தில் மட்டும் சுமார் 37,600 ரூபாய். இந்தக் காலம் முழுவதும் அகவிலைப்படி 50 விழுக்காட்டுக்குக் குறையவில்லை என்பதால் மொத்தம் 56,000ஐத் தாண்டும். எட்டு லட்சத்தின் பக்கத்தில் சிறிய தொகைதான். ஆனால் இந்த வித்தியாசம் ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு மாதமும் வரும். இதன் மேல்தான் பதவி உயர்வு ஊதியமும் நிர்ணயமாகும்.

ஊதிய நிர்ணயத்தில் உங்களுக்கு ஒரு சலுகையும் உண்டு. தவறான ஊதியம் மாதாமாதம் தொடரும் தவறு என்பதால், தாமதமாகப் போனாலும் மூன்று ஆண்டு நிலுவை வரை கிடைக்கலாம் என்று 2008இல் தர்சேம் சிங் தீர்ப்பு சொல்கிறது. அதே தீர்ப்பு, பிறரைப் பாதிக்கும் பணிமூப்பு, பதவி உயர்வுக் கோரிக்கைகளுக்கு இந்தச் சலுகை இல்லை என்றும் சொல்கிறது. சம்பளம் காத்திருக்கும், பணிமூப்பு காத்திருக்காது.

உங்கள் பழைய உத்தரவை மறுபடி படியுங்கள்

"உத்தரவில் பணிமூப்பு பற்றி எதுவும் இல்லை, ஆனால் நீதிமன்றம் சொன்னதால் எல்லாம் தானாக வர வேண்டும்" என்று எழுதியிருக்கிறீர்கள். தானாக வராது. அதற்காக நீதிமன்ற அவமதிப்பு மனு போடலாம் என்று யாரோ சொன்ன யோசனையும் பலன் தராது. உத்தரவு சொன்னது நியமனம், அதைக் கொடுத்துவிட்டார்கள். சொல்லாத ஒன்றுக்காக அவமதிப்பு நடவடிக்கை எடுக்க முடியாது. போதாக்குறைக்கு அதற்கு ஓராண்டுக் கெடுவும் உண்டு.

முக்கியமானது, 2021இல் போட்ட ரிட் மனுவின் கடைசிப் பத்தி. உங்கள் முன்னாள் வழக்கறிஞரிடம் நகல் வாங்கிப் பாருங்கள்; இல்லையென்றால் நீதிமன்ற நகல் பிரிவில் விண்ணப்பிக்கலாம். அதில் நியமனம் மட்டும் கேட்டிருந்தால் சிக்கல் குறைவு: முதுநிலைப் பட்டியலால் வந்த பாதிப்பு 2025 ஆகஸ்டில் புதிதாக எழுந்தது என்று சொல்லிப் புதிய ரிட் போடலாம். "பணிமூப்பு உள்ளிட்ட அனைத்துத் தொடர் பலன்களுடன்" என்று கேட்டிருந்து, தீர்ப்பு அதைப் பற்றி மௌனமாக இருந்தால், கேட்டும் தராதது மறுக்கப்பட்டதாகவே கருதப்படும் என்ற வாதம் வரும். அப்போது முதலில் அதே வழக்கில் மறுஆய்வோ, தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவுடன் ரிட் மேல்முறையீடோ தேவைப்படலாம். மூன்றாவதாக ஒரு நல்ல வாய்ப்பும் இருக்கிறது: தீர்ப்பின் கடைசி வரி "கோரியபடி மனு அனுமதிக்கப்படுகிறது" என்று இருந்தால், தொடர் பலன்களும் கிடைத்துவிட்டன என்று வாதிட இடம் உண்டு. எது உங்கள் நிலை என்று தெரியாமல் புதிய வழக்குப் போடாதீர்கள்.

நியமன ஆணையின் நிபந்தனைகளையும் பாருங்கள். "பணியில் சேர்ந்த நாளிலிருந்தே பணிமூப்பு கணக்கிடப்படும்" என்ற வரி இருந்தால் அதையும் சேர்த்து எதிர்க்க வேண்டும். பட்டியலை மட்டும் எதிர்த்தால், "ஆணையை ஏற்றுத்தானே சேர்ந்தீர்கள்" என்பார்கள்.

இனிச் செய்ய வேண்டியவை

முதலில் காகிதம். தரவரிசை எண் உள்ள தேர்வு முடிவு, தீர்ப்பின் சான்றிட்ட நகல், நியமன ஆணை, சேர்க்கை அறிக்கை, உத்தேசப் பட்டியல், ஆட்சேப மனு கொடுத்ததற்கான அத்தாட்சி, பணிப்பதிவேட்டின் முதல் பக்கங்கள். அடுத்த தரவரிசைக்காரரின் நியமன நாள், அலகில் 2021க்குப் பிறகு நேரடியாகவும் பதவி உயர்விலும் இளநிலை உதவியாளர் ஆனவர்களின் பெயர்ப் பட்டியல், உங்கள் மனு மீது எழுதப்பட்ட குறிப்பு ஆகியவற்றைப் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையுடன் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். "ஏன் என் மனு நிலுவையில் உள்ளது" என்று கேட்காதீர்கள். காரணம் கேட்டால் தகவல் அல்ல என்று தள்ளிவிடுவார்கள். "2.9.2025 தேதியிட்ட மனு தொடர்பான கோப்பின் குறிப்புப் பக்கங்களின் நகல்" என்று கேளுங்கள். முப்பது நாளில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு.

இதற்கிடையே நியமன அலுவலருக்கு உரிய வழியில் (உங்கள் மேலதிகாரிகள் மூலம்) ஒரே ஒரு நினைவூட்டு அனுப்புங்கள், முன்நகல் (அவருக்கே நேராகப் போகும் பிரதி) பதிவுத் தபாலில். பழைய மனு வெறும் ஆட்சேபமாக இருக்கிறது. இதில் கோரிக்கையை மூன்றாகப் பிரித்து எழுதுங்கள்: தரவரிசைப்படி பணிமூப்பு, 6.9.2021 முதல் கருத்தியலான ஊதிய நிர்ணயம், 20.5.2024 முதல் பண நிலுவை. மேலே சொன்ன தீர்ப்புகளை ஒரு பத்தியில் குறிப்பிடுங்கள். முப்பது நாள் அவகாசம் போதும். கருத்தியலான நிர்ணயத்துக்கு நியமன அலுவலரின் தெளிவான ஆணை இல்லாமல் சம்பளப் பிரிவு எதுவும் செய்யாது, கருவூலம் திருப்பிவிடும். ஆகவே அவர்களிடம் வாய்வார்த்தையாகக் கேட்டு நாளைக் கடத்த வேண்டாம்.

பதில் வராவிட்டால் ரிட். இங்கே இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. ஒன்று, "என் மனுவைப் பரிசீலிக்க உத்தரவிடுங்கள்" என்று மட்டும் கேட்பது. எளிதாகக் கிடைக்கும், மூன்று மாதம் கழித்து ஒரு பக்கத்தில் நிராகரிப்பார்கள், மறுபடி முதலிலிருந்து. பட்டியலையே ரத்து செய்து உரிய இடத்தில் வைக்கக் கேளுங்கள். இரண்டு, பாதிக்கப்படக்கூடியவர்களை எதிர்மனுதாரர்களாகச் சேர்க்காமல் விடுவது. நீங்கள் மேலே போனால் யாரெல்லாம் கீழே வருவார்களோ அவர்களைச் சேர்க்க வேண்டும். எண்ணிக்கை அதிகமென்றால் பிரதிநிதியாகச் சிலரையாவது. தினமும் பக்கத்து மேசையில் உட்காருபவர்களை வழக்கில் சேர்ப்பது சங்கடம்தான், புரிகிறது. அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இது அவர்கள் மீதான புகார் இல்லை, சட்டம் கேட்கும் முறை. இதைச் செய்யாததாலேயே நல்ல வழக்குகள் தள்ளுபடியாகியிருக்கின்றன.

இடைக்கால நிவாரணமாகப் பேனல் முழுவதையும் நிறுத்தக் கேட்காதீர்கள். கிடைப்பதும் கடினம், பகையும் வரும். தரப்படும் பதவி உயர்வுகள் வழக்கின் முடிவுக்குக் கட்டுப்பட்டவை என்ற உத்தரவும், ஓர் உதவியாளர் இடத்தைக் காலியாக வைக்கும் உத்தரவும் போதும்.

அமைச்சர், சட்டமன்ற உறுப்பினர் பரிந்துரைக் கடிதம் வாங்கலாமா என்று ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம். பணி விஷயத்தில் வெளிச் செல்வாக்கைப் பயன்படுத்துவது 1973ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி தவறு. நீதிமன்றம் போவது தவறில்லை.

கடைசியாக, பணிமூப்பு கிடைத்தாலும் தகுதி தானாகக் கிடைக்காது. கருத்தியலான பணிமூப்பு உங்களை வரிசையில் நிறுத்தும். உதவியாளர் பேனலுக்கான தகுதி நாளன்று துறைத் தேர்வுகள் தேர்ச்சியும் பவானிசாகர் அரசுப் பயிற்சி நிலையத்தின் அடிப்படைப் பயிற்சியும் முடிந்திருக்க வேண்டும். தகுதிகாண் பருவமும் தொடர்ச்சியான மூன்று ஆண்டுக்குள் இரண்டு ஆண்டு பணியில் இருந்தால்தான் முடியும். கருத்தியலான காலத்தை அதில் சேர்க்க மாட்டார்கள். உங்கள் இரண்டு ஆண்டு, இடையில் சம்பளமில்லா விடுப்பு எதுவும் இல்லையென்றால், 2026 மே 19 அன்று முடிகிறது. மே 20 அன்றே தகுதிகாண் பருவம் முடித்ததாக ஆணையிடக் கோரி எழுதிக் கொடுங்கள். மீதமிருக்கும் துறைத் தேர்வுத் தாள் ஒன்று என்று எழுதியிருக்கிறீர்கள். தேர்வாணையம் ஆண்டுக்கு இருமுறை, மே மாதமும் டிசம்பரிலும் நடத்துகிறது. இந்த மே மாதத் தேர்வுக்கு விண்ணப்பித்துவிட்டீர்களா என்று முதலில் பாருங்கள்.